கூடுதல் ஒரு மணி நேரம்

கீழே ஒரு மணிக்கு மணி அடித்தது. பெரிய ஹாலில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தமும், மூன்று மணி நேரம் வாயைக் கட்டிப்போட்டிருந்தவர்கள் ஒரே மூச்சில் பேசத் தொடங்கிய சத்தமும் மாடி வரைக்கும் வந்தன. அந்த மணி மற்றவர்களுக்கு. கண் தெரியாதவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு என்பது விதி. ஆகையால் மாடி அறையில் இருந்த மூன்று பேருக்கு மட்டும் இரண்டு மணி வரை வேலை இருந்தது. வரலாற்றுத் துறை பழைய தேசப்படங்களைச் சுருட்டி அடுக்கி வைக்கிற அறை அது. நாட்ராயன் விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கௌசிகா அதைக் கேட்டு எழுத வேண்டும், இது மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்பதற்காக அவர்களை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். வாசலோரம் தாவரவியல் வளர்மதி மேடம், கண்காணிப்பு என்ற பெயரில், வேறொரு வகுப்பின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கௌசிகா பேனாவை வைத்துவிட்டு மணிக்கட்டை உதறினாள். அப்போதுதான் நாட்ராயன், கடிகாரத்தின் கண்ணாடி மூடியைத் திறந்து முள்ளைத் தடவி நேரம் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான். "ஒன்னு சொல்லணும்னு இருந்தனுங்க. போன நவம்பர்ல இந்தப் பேப்பர் போச்சில்லீங்களா, அந்த விடைத்தாளோட நகல் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். நேத்து சாயங்காலம் வந்துருச்சு. பையிலதான் இருக்குது. ரூம்ல பசங்க பிரிச்சுப் பாத்தானுங்க, வேகத்துல எழுதின எழுத்து, ஒன்னும் புரியலன்னுட்டானுங்க. முடிஞ்சதும் நீங்களே படிச்சுச் சொல்லீருங்க. உங்க எழுத்து உங்களுக்குத்தானே தெரியும்."

"சரிங்கண்ணா" என்று அவள் வாய் சொன்னது. வாய் எப்போதும் சரியாகத்தான் சொல்லும். பள்ளிக்கூடத்திலிருந்தே பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கிப் பழகிய வாய். கண்தான் கதவுப் பக்கம் போனது. பை அறைக்கு வெளியே சுவரோரம் சாய்ந்திருந்தது, நீலப் பை, ஒரு வார் அறுந்து முடிச்சுப் போட்டது, கதவு வழியாகப் பாதி தெரிந்தது. காலையில் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள், அப்போது அது வெறும் பை. இப்போது அதற்குள் அவள் கையெழுத்து உட்கார்ந்திருக்கிறது. நாட்ராயன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "பதினேழு பக்கந்தான் இருக்குதுன்னு சொல்றானுங்க. நாம முப்பதுக்கு மேல எழுதினோமில்லீங்களா? கூடுதல் தாளெல்லாம் எங்கியோ உருவிப் போச்சாட்ட இருக்குது. அப்படித்தான் ஃபெயிலாயிருக்கணும். நீங்க படிச்சா எந்த எடம் வுட்டுப் போச்சுன்னு தெரிஞ்சு போகும்." நாம எழுதினோம் என்கிறான். ஒரு தாளும் உருவிப் போகவில்லை. நவம்பரில் எழுதியது பதினேழு பக்கம்தான். அவன் சொன்னது முப்பது பக்கம். அவள் எழுதியது பதினேழு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதைப் பற்றி ஊரில் சொல்வார்கள், அவள் மறைத்தது பதிமூன்று பக்கம். இவனுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் இப்படி நைச்சியமாகப் பேசுகிறானா? இந்த அரியர் பேப்பருக்கும் கேட்டு எழுதுகிற ஸ்க்ரைபாக அவளே வர வேண்டும் என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்தது இவன்தான். ஏன் அவளேதான் வேண்டும்? அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ மணி நேரம் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அந்த முகத்தை ஒருநாளும் எதையாவது தெரிந்துகொள்வதற்காகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் பிடிபடவில்லை. மேல் உதட்டில் வியர்வை, கழுத்தில் கோயில் கயிறு, சவரம் செய்தபோது விட்டுப்போன நாலு முடி. "எழுதலாங்களா?" என்றான். "ஐந்தாவது கேள்வி, பாதில நிக்குது. வேலூர்ப் புரட்சிக்கான காரணங்கள், நாலாவது காரணம் வரைக்கும் வந்தோம்." அவள் பேனாவை எடுத்தாள்.

ஐந்தாவது, புதிய தலைப்பாகை, அதில் தோலால் செய்த பட்டை, அதைச் சிப்பாய்கள் தங்கள் சமயத்துக்கு இழிவாக நினைத்தார்கள், என்று அவன் சொல்ல அவள் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். கை வலிக்கவில்லை, பயத்துக்குக் கை வலி தெரியாது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கிரீச்சிட்டது. கீழே இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது, பஸ் ஹாரன் கேட்டது, பிறகு அதுவும் போனது. காலியான கல்லூரி இவ்வளவு பெரிதாக இருக்குமென்று அவள் நினைத்ததில்லை. தாழ்வாரத்தின் கோடியில் அட்டெண்டர் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வருகிற சத்தம், முதலில் கதவு, பிறகு தாழ்ப்பாள், பிறகு பூட்டு. அடுத்த அறை. கதவு, தாழ்ப்பாள், பூட்டு. அவர் இந்த அறையை நோக்கித்தான் வருகிறார், அவருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, அவ்வளவுதான் விஷயம், இருந்தாலும் ஒவ்வொரு பூட்டுக்கும் அவளுக்கு உள்ளே ஒன்று துள்ளி விழுந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அம்மா சொல்வாள், தம்பி அலமாரியைத் திறந்துவிட்டு முழிக்கும்போது. அம்மாவுக்குத் தன் மகள் கண் தெரியாத ஒரு பையனுக்குப் பரீட்சை எழுதித் தருகிறாள் என்பதில் பெருமை. தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். உங்க பொண்ணுக்கு நல்ல மனசுங்க என்று அவர்களும் பதிலுக்குச் சொல்வார்கள்.

நல்ல மனசு. அதற்கு அத்தாட்சியே இருக்கிறது. ஜனவரியில் என்.எஸ்.எஸ். சார்பில் ஒரு வாரம் நடந்தது, மாற்றுத்திறனாளிகள் குறித்து மாணவர் மனநிலையை மாற்றும் வாரம். முதல் நாள் ஒரு படிவம், கடைசி நாள் அதே படிவம். இருபது வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே உடன்படுகிறேன், முழுவதும் உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று கட்டங்கள். அவர்கள் நம்மைப் போன்றவர்களே: முழுவதும் உடன்படுகிறேன். அவர்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும்: முழுவதும் உடன்படுகிறேன். கௌசிகா ஒரு கட்டத்திலும் தயங்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றுகிற பயிற்சியும் நடந்தது, பாதிப் பேர் துணிக்கடியில் எட்டிப் பார்த்துக்கொண்டும் மீதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டும் நடந்தார்கள். நாட்ராயனிடம் அதைச் சொன்னபோது, "பத்து நிமிசங்களா? பத்து நிமிசத்துல எனக்கு என் செருப்பே கெடைக்காதுங்க" என்று சிரித்தான். பிறகு என்.எஸ்.எஸ். அதிகாரி இரண்டு படிவங்களையும் கூட்டிக் கழித்து, மாணவர் மனநிலை முப்பத்துமூன்று சதவீதம் உயர்ந்திருக்கிறது என்று வரைபடம் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நிறைவு விழாவில் பேச கௌசிகாவைத்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு அண்ணனுக்குக் கண்ணாக இருக்கிறேன் என்று ஆரம்பித்தாள், கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆனது. நவம்பர் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது அப்போது. மேடையில் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வந்ததா? வந்தது. வந்தும் தொண்டை கரகரக்கவில்லை. அந்த இருபது வரிகளில், இவனை ஏமாற்றலாமா என்று ஒரு வரி இல்லை. இருந்திருந்தாலும் சரியான கட்டத்தில்தான் டிக் அடித்திருப்பாள்.

"ஆறாவது காரணம், எழுதீட்டீங்களா?" "எழுதீட்டேங்கண்ணா." உண்மையாகவே எழுதியிருந்தாள். அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. பொய் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. எப்படி ஆரம்பித்தது? முதல் வருடம் இரண்டு செமஸ்டரும் ஒழுங்காகத்தான் எழுதினாள். நவம்பரில், ஐந்து நாளில் ஐந்து பேப்பர், தன்னுடைய பரீட்சைகள் வேறு, விரல் வீங்கிப்போய் மோதிரம் கழற்ற முடியவில்லை. இவனோ நிறுத்த மாட்டான். அருவி மாதிரி கொட்டுவான், கால் புள்ளி, அரைப் புள்ளி எல்லாம் சொல்வான், தலைப்புக்குக் கோடு போடுங்க என்பான், நன்றி சொல்வான், ஆனால் அவள் எதிர்பார்த்த அளவுக்குச் சொல்ல மாட்டான். அதுதான், நன்றாகத் தோண்டிப் பார்த்தால், அதுதான். ஒருமுறை அவள், நான்தான் உங்க கண்ணுங்கண்ணா என்று சொன்னதற்கு, "கண்ணெல்லாம் வேண்டாங்க, கை மட்டும் குடுங்க, போதும்" என்றான். கேலிதான், அவளும் சிரித்தாள், ஆனால் அது எங்கோ தைத்து அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாக இருக்க வந்தவளைக் கை என்று சொல்லிவிட்டான். அப்புறம் ஒரு நாள், மூன்றாவது பக்கமோ நாலாவது பக்கமோ, ஒரு பத்தியை விட்டாள். வணிகவியல் படிக்கிறவளுக்கு வரலாறு கதைதானே, இதைத்தானே அப்போதே சொன்னான் என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது, அதை நினைக்கத்தான் அவளுக்கு இப்போது கூசியது: விடைத்தாள் முகப்பில் பார்வையற்றவர் என்று முத்திரை இருக்கிறது, திருத்துகிறவர்கள் பார்த்ததும் பாவப்பட்டு மார்க் போட்டுவிடுவார்கள், இவ்வளவு எழுதினாலும் அவ்வளவுதான், எழுதாவிட்டாலும் அவ்வளவுதான். யார் போய் இவன் சொன்னதையெல்லாம் படிக்கப் போகிறார்கள்?

அந்தப் பரீட்சையின் முடிவில் அவன், "ஒருக்கா திரும்பப் படிங்க" என்றான். அவள் பேனாவை மூடி வைத்தாள். தாளைப் பார்த்தாள், அங்கே விட்டது விட்டபடி கிடந்தது. ஆனால் காதில் அவன் சொன்னது அப்படியே இருந்தது. பேச்சுப்போட்டிக்காரிக்கு ஒருமுறை கேட்டால் போதும். வாய் திறந்து ஒப்பித்தாள், எழுதாததையும் சேர்த்து, ஒரு சொல் பிசகாமல். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு முன்னாடி எழுதினவங்கெல்லாம் படிக்கறப்ப முக்கித் தெணறுவாங்க. நீங்க படிச்சா நான் சொன்னாப்பலயே இருக்குதுங்க." இதற்காகத்தான் அவளையே கேட்டு எழுதிக் கொடுத்தான். அவள் எவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னாளோ அவ்வளவுக்கு அவன் அவளை நம்பினான். அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது, நாலு வாக்கியத்துக்கு இரண்டு, ஏழு காரணத்துக்கு நாலு. பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. இரண்டு பேப்பரில் தட்டுத் தடுமாறிப் பாஸ், இந்தப் பேப்பரில் ஃபெயில். துறையிலேயே முதல் மார்க் வாங்குகிறவன் என்று பேர் எடுத்தவன். அவன் அப்பாவுக்கு அந்தியூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்தில் வேலை, பி.எட். முடித்து வாத்தியாராகிறேன் என்று இவன் சொல்லித்தான் காலேஜுக்கே அனுப்பினார். விடுதியில் சாயங்காலம் ஜூனியர் பையன்களை உட்காரவைத்துப் புத்தகம் இல்லாமல் பாடம் நடத்துவான், பத்துப் பதினைந்து பேர் வருவார்களாம். ரிசல்ட்டுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டான். ஏனுங்கண்ணா என்று அவளே கேட்டாள், கேட்கத் துணிச்சல் இருந்தது அவளுக்கு. "தப்பாச் சொல்லிக் குடுத்துருவனோன்னு பயமா இருக்குதுங்க. தண்ணியாட்டத் தெரிஞ்ச பேப்பருங்க அது. அதுலயே போச்சுன்னா, சொன்னேன்னு நெனச்சுட்டுச் சொல்லாம வுட்டுருக்கறேன். மண்டைல என்னமோ ஆகிப்போச்சாட்ட இருக்குது. எங்கிட்ட இருக்கறதே ஞாபகம் ஒன்னுதானுங்க." அன்றைக்கு அவள், அப்படியெல்லாம் இல்லீங்கண்ணா, இந்தத் தடவ நல்லாப் பண்ணுவீங்க என்று தேற்றினாள். தேற்றிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினாள். அவளால் நம்ப முடியாதது அதுதான். தூக்கம் வந்தது.

ஏழாவது காரணம் முடிந்தது. முடிவுரை நாலு வரி. "கோடு போட்டுருங்க" என்றான், போட்டாள். அவன் கடிகாரத்தைத் தடவினான். ஒன்று இருபத்திரண்டு. ஐந்தாவது கேள்வி ஒன்றுதான் இந்தத் தாளில் முழுசாக இருக்கிறது, அதுவும் பாதியிலிருந்து. முன்பாதியில் இரண்டாவது காரணத்தைச் சுருக்கியிருந்தாள். காலையில் எழுதிய நாலும் பழைய பழக்கப்படி. இன்றைக்கும்! அரியர் பேப்பர் என்று தெரிந்தும், இதில் போனால் டிகிரியே கைக்கு வராது, இந்த வருடம் பி.எட். சேர்க்கை போய்விடும் என்று தெரிந்தும், காலையில் கை தானாக வெட்டிக்கொண்டே போயிருக்கிறது, பல் துலக்குகிற மாதிரி. முப்பத்தெட்டு நிமிடம் இருக்கிறது. ஏதாவது சாக்குச் சொல்லி ஓரங்களில் எழுதிச் சேர்த்துவிடலாமா? இவன் காது சும்மா இருக்காது, பேனா ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று சொல்கிறவன். சொல்லிவிடலாமா? மேடம் இருக்கிறார், தாளைப் பிடுங்குவார், முறைகேடு என்று எழுதுவார், இவன் தாளும் சேர்ந்து போகும். அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதான் இவனுக்கு நல்லது. இந்த நினைப்பு வந்ததும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி எங்கேயோ முன்பே பார்த்த முகமாக இருந்தது. எழுதினாலும் அவ்வளவுதான், எழுதாவிட்டாலும் அவ்வளவுதான். அதே நிம்மதி. நகலையும் அப்படியே படித்துவிடலாம். பதினேழு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது பக்கத்தை ஒப்பித்துவிடலாம், எல்லாமே இருக்குதுங்கண்ணா, எதுவும் உருவிப் போகல, ஏன் மார்க் போடலன்னு தெரியல என்று சொல்லலாம். அவன் நம்புவான். அவள் எது சொன்னாலும் நம்புவான். ஆயுசு முழுக்கத் தன் மண்டையைத்தான் சந்தேகப்படுவானே தவிர அவளைச் சந்தேகப்பட மாட்டான். அதுதான் அவளைக் குலை நடுங்க வைத்தது. பிடிபட்டுவிடுவோம் என்று பயந்த பயம் ஒன்றுமே இல்லை. ஒருநாளும் பிடிபடவே மாட்டோம் என்பது தெரிந்தபோது வந்த பயத்துக்கு அடியே காணவில்லை. கதவு, தாழ்ப்பாள், பூட்டு. அட்டெண்டர் அடுத்த அறைக்கு வந்துவிட்டார்.

"நேரம் இருக்குதுங்க" என்றான் நாட்ராயன். "மொதக் கேள்விய ஒருக்கா படிங்க. பாளையப்பட்டு. போன தடவயும் இதுதான் வந்துச்சு, இதுலதான் எதையோ வுட்டுருப்பேன்னு எனக்கு ஒரு எண்ணம்." அவன் காதைத் திருப்பி வைத்துக்கொண்டான், தலையைக் கொஞ்சம் சாய்த்து. அவள் முதல் தாளைத் திருப்பினாள். வாயில் எல்லாம் தயாராக இருந்தது. பாளையப்பட்டு முறை மதுரை நாயக்கர் ஆட்சியில் ஏற்படுத்தப்பட்டது, எழுபத்திரண்டு பாளையங்கள், என்று ஆரம்பித்தாள், வழக்கமான வழவழப்பான குரல், அது தன் பாட்டுக்குப் போயிற்று. பாளையக்காரரின் கடமைகள் ஆறு, ஒன்று வரி தண்டல், இரண்டு படை வைத்திருத்தல், மூன்று பாடிகாவல். கண் தாளில் இருந்தது. தாளில் இரண்டுக்குப் பிறகு நீதி வழங்குதல் என்று இருந்தது. பாடிகாவல் இல்லை. நாக்கு அங்கே நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது, காலில் முள் தைத்தால் கால் நிற்கிற மாதிரி. பிறகு அவள் ஆரம்பத்திலிருந்து, எழுதியிருந்ததைப் படித்தாள். தன் எழுத்தையே அவள் அதுவரை படித்துப் பார்த்ததில்லை. கோணல், அடித்தல், 'கடமைகள்' என்பதில் மகரம் விட்டுப்போயிருக்கிறது. தடுமாறினாள். ஒரு சொல் என்னவென்றே தெரியவில்லை, கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஒன்றேகால் பக்கத்தில் முடிந்துவிட்டது.

அவன் காத்திருந்தான். இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தபடியே காத்திருந்தான். "அப்புறங்க?" "அவ்வளவுதானுங்கண்ணா." "பாடிகாவல்?" "இல்லீங்க." "தேசகாவல் சொன்னனுங்களே." "சொன்னீங்க. எழுதல." அவள் குரலைத் தாழ்த்தியிருந்தாள், மேடம் தலை நிமிராமல் மார்க் கூட்டிக்கொண்டிருந்தார், திரும்பப் படித்துக் காட்டுவது எப்போதும் நடக்கிறதுதானே. "அப்ப காலைல..." என்றவன் நிறுத்தி, "நவம்பர்ல நீங்க படிக்கறப்ப எல்லாம் இருந்துச்சே" என்றான். "அன்னிக்கு நான் படிக்கலீங்க. நீங்க சொன்னது காதுல இருந்துச்சு, அதச் சொன்னேன். தாள்ல இல்ல. எந்தத் தாளும் உருவிப் போகலீங்கண்ணா. நான்தான் எழுதல." அவன் தெரிந்துதான் தன்னை மடக்குகிறான் என்று அவள் கொஞ்ச நேரத்துக்கு முன் பயந்தாளே, அது எவ்வளவு நல்ல பயம் என்று அப்போது தோன்றியது. அவனுக்கு ஒன்றுமே தெரியாது. இப்போதுதான், அவள் கண் முன்னால், தெரிந்துகொண்டிருந்தான். மேல் உதட்டு வியர்வை அப்படியே இருந்தது. கோபம் வரும் என்று அவள் தயாராக இருந்தாள், கத்தட்டும், மேடம் திரும்பட்டும், நடப்பது நடக்கட்டும். அவன் மிக மெதுவாக, யாரோ ஒருவரிடம் வழி கேட்கிற மாதிரிக் கேட்டான். "அப்ப எனக்கு மறக்கலீங்களா?"

"மறக்கலீங்கண்ணா." அழுகை வந்தது, அழக்கூட அருகதையில்லை என்று அதை விழுங்கினாள். அவன் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, மேசை இருக்கிறதா என்று பார்ப்பவன் போல அழுத்தினான். பிறகு கடிகார மூடியைத் திறந்தான். முள்ளைத் தொட்டான். "எத்தன கேள்விக்கு இப்படி?" "நாலுக்கும். அஞ்சாவதுல கொஞ்சம்." "இருபத்தொம்பது நிமிசம் இருக்குது. கூடுதல் தாள் வாங்குங்க. ஒவ்வொரு கேள்விக்கும் தொடர்ச்சின்னு நம்பர் போட்டு எழுதலாம்." அவள் எழுந்து போய்க் கேட்டாள். "இன்னுமா?" என்றார் வளர்மதி மேடம், சலிப்போடு இரண்டு தாளைக் கிழித்துக் கொடுத்து. நாட்ராயன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினான். கையில் தாளோடு அவள் அங்கேயே நின்றாள். சொல்லப் போகிறான். "மேடம், ஒரு உதவிங்க" என்றான். "இவங்க எழுதறத ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் நீங்க வாங்கிப் படிச்சுக் காட்டறீங்களா? அவங்களுக்குத் தொண்ட கட்டிப்போச்சுங்க." மேடம் மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இது முறைதானா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவருடைய நிழல் தாளில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் சொன்னான், அவள் எழுதினாள். அருவி இல்லை. ஐந்து ஐந்து சொல்லாக, முதல் வகுப்புக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான், ஒவ்வொரு ஐந்துக்கும் அவள் 'ம்' சொன்ன பிறகுதான் அடுத்தது. பாடிகாவல் என்பது ஒரு ஊரைக் காக்கும் கடமை. ம். தேசகாவல் என்பது பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தைக் காக்கும் கடமை. ம். காலையில் சொன்னதில் ஒரு சொல்கூட மாறவில்லை, அவள் காதுக்கு அது தெரிந்தது, அவன் ஞாபகம் கருங்கல்லாக இருந்தது. இவ்வளவு மெதுவாகச் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தவிப்பாக இருந்தது. வேகமாச் சொல்லுங்கண்ணா, எழுதிருவேன் என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். அவன் காதில் வாங்கிய மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. வேகமாகச் சொல்ல அவளை நம்ப வேண்டும். மேடம் ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கி, முக்கித் திணறிப் படித்தார். ஒவ்வொரு திணறலுக்கும் அவன் தலையை ஆட்டிக்கொண்டான். முதல் கேள்வி முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவது முக்கால்வாசி. அட்டெண்டர் வாசலில் வந்து நின்று சாவிக்கொத்தைக் கையில் மாற்றிக்கொண்டார். "டைம்" என்றார் மேடம். நாலாவது கேள்வி தொடப்படாமல் நின்றது. நாட்ராயன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி என்னவோ கணக்குப் பார்த்தான், கணக்கு எங்கே போய் நின்றது என்று சொல்லவில்லை.

மேடம் தாள்களை நூலில் கட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே வந்து அவன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "அந்த நகல்..." என்று அவள் ஆரம்பித்தாள். "வேண்டாங்க" என்றான். கோபமில்லை குரலில், அது இருந்திருந்தால் அவள் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அட்டெண்டர் அறையைப் பூட்டிவிட்டு முன்னால் இறங்கிப் போய்விட்டார். அது பழைய கட்டடம், மாடிப்படியில் கைப்பிடிச் சுவர் பாதிவரைக்கும்தான், நடுவில் இரண்டு படி உடைந்திருக்கும். கூட ஒரு ஆள் இல்லாமல் அவன் இறங்க முடியாது. அவனும் அவளும் தவிர மாடியில் யாரும் இல்லை. அவன் கையை நீட்டிக் காற்றில் துழாவினான், அவள் முழங்கையைக் கொண்டுபோய் அந்தக் கைக்குள் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. "படி ஆரம்பிக்குதுங்கண்ணா" என்றாள். அவன் மறுகையில் மடக்கியிருந்த குச்சியை நீட்டி, அவள் சொன்ன இடத்தில் தட்டிப் பார்த்தான். படி இருந்தது. காலை வைத்தான். "அடுத்தது" என்றாள். தட்டிப் பார்த்துவிட்டு வைத்தான். இரண்டு வருடமாக அந்தப் படிகளில் அவள் வாய் வார்த்தையை நம்பிப் பேசிக்கொண்டே இறங்கியவன், அவள் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லும் ஒவ்வொரு படியையும் குச்சியால் தட்டித் தட்டிப் பார்த்து இறங்கினான்.